தெருவா, கோச்சிங்கா? பிள்ளைகளின் கால்பந்து பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட சென்னையில் ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து ஆடச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டம் முடிந்து நான் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் பெற்றோர்கள் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்தும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தெருவில் ஆடினாலே போதாதா சார்? கோச்சிங் எதற்கு?

பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் தெரு ஆட்டம் இல்லாத பிள்ளைக்குக் கோச்சிங் மட்டும் போதாது. அதற்குப் பிறகு கோச்சிங் இல்லாத பிள்ளைக்குத் தெரு மட்டும் போதாது. என் அனுபவத்தில் முதல் தவறைத்தான் நிறைய பேர் செய்கிறார்கள். அகாடமியில் சேர்த்த கையோடு, "இனிமே அந்தப் பசங்களோட சந்துல ஆடாதே, கால் உடைஞ்சிடும்" என்று தடை போட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கிடைத்தது வாரத்தில் மூன்று மணி நேரம், போனது பத்து மணி நேரம்.

சந்தில் அப்படி என்ன கற்றுக்கொள்கிறார்கள்? சும்மா கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அவ்வளவுதானே?

ஒரு நாள் சாயங்காலம் நின்று பாருங்கள். எங்கள் பக்கத்துச் சந்து பத்தடி அகலம். ஒரு ஓரம் முழுக்க டூவீலர், மறு ஓரம் சாக்கடை மூடி. நான்கு செருப்பு வைத்தால் இரண்டு கோல். சா பூ த்ரி போட்டு ஆள் பிரிப்பார்கள். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் இருப்பதிலேயே சின்னவன் 'காமன்', இரண்டு பக்கத்துக்கும் ஆடுவான். பந்து மாடி வீட்டு கேட்டுக்குள் போனால் அடித்தவன்தான் போய் எடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பாட்டியிடம் திட்டு வாங்குவதும் அவன்தான். ஆகவே யாரும் கண்மண் தெரியாமல் தூக்கி அடிப்பதில்லை. பந்தைத் தரையில் வைத்து ஆடச் சொல்லி நான் மைதானத்தில் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்துவதை, அந்தப் பாட்டி ஒரே வாரத்தில் சாதித்துவிடுகிறார்.

எட்டு வயதுப் பையன் பதிமூன்று வயது அண்ணன்களோடு ஆடுகிறான். மோதினால் விழப்போவது தான்தான் என்று அவனுக்குத் தெரியும். எனவே மோதலுக்கு முன்பே பந்தைக் கொடுத்துவிடுகிறான், இல்லையென்றால் எதிர்ச் சுவரில் தட்டித் திரும்ப வாங்கிக்கொண்டு தாண்டிவிடுகிறான். அது 'ஒன்-டூ' என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் ஆட்டோ வருகிறதா, தண்ணீர் லாரி திரும்புகிறதா என்று நொடிக்கொரு தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறான். நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் பெரிய லீக்குகளின் ஆட்டக்காரர்களை வருடக்கணக்கில் கவனித்துச் சொன்னதும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். பந்து காலுக்கு வருவதற்கு முன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் முன்னோக்கிய பாஸ்கள்தான் அதிகம் போய்ச் சேருகின்றன. ஆட்டோவுக்குப் பயந்து பார்த்தாலும் பார்வை பார்வைதான்.

இன்னொன்று. ஒரு பக்கம் ஐந்து கோல் வாங்கிவிட்டால் சந்து ஆட்டம் அப்படியே தொடராது. "டேய், நீ அந்தப் பக்கம் போடா, ஆட்டமே நல்லா இல்ல" என்று ஆளை மாற்றிக்கொள்வார்கள். எங்கள் டோர்னமென்ட்களில் பத்து வயதுப் பிள்ளைகளை 11-0 தோற்கவிட்டு நாங்கள் பெரியவர்கள் வேடிக்கை பார்க்கிறோம்.

இதெல்லாம் பழைய ஆட்கள் பேச்சு. ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்து அகாடமிகளில் இருந்த பையன்களைப் பற்றி 2009இல் பால் ஃபோர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதினாறு வயதில் கிளப் தக்கவைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், கழற்றிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் முறையான பயிற்சி நேரத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தாங்களாகவே ஆடிய நேரத்தில்தான் வித்தியாசம். தக்கவைக்கப்பட்டவர்கள் அதிகம் ஆடியிருந்தார்கள்.

ஜெர்மனியில் 2016இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் ஆடிய 52 பேரை, அதில் 18 பேர் தேசிய அணிக்காரர்கள், கீழ் டிவிஷன்களில் ஆடும் 50 அமெச்சூர்களோடு ஒப்பிட்டார்கள். பண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம் ஆடும் வரை அவர்கள் எடுத்த முறையான பயிற்சி சராசரியாக 4,264 மணி நேரம், ஏறக்குறைய 16 வருடத்தில். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் சொச்சம். "பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் கில்லாடி ஆகலாம்" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் கணக்கில் பாதிகூட இல்லை. தேசிய அணிக்குப் போனவர்களை அமெச்சூர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவற்றில் முக்கியமானவை இரண்டு: சின்ன வயதில் கோச் இல்லாமல் ஆடிய ஆட்டம், பதின்வயதில் வேறு விளையாட்டுகளிலும் ஈடுபட்டது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும், "சின்ன வயசுல எவ்வளவு நேரம் ஆடினே?" என்று பிற்பாடு கேட்டு எழுதியவை. ஞாபகம் கூட்டும், குறைக்கும். தவிர, அதிகம் ஆடியதால் திறமை வந்ததா, திறமை இருந்ததால் ஆசைப்பட்டு அதிகம் ஆடினார்களா என்பதையும் இவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியென்றால் கோச் வேண்டவே வேண்டாமா?

இந்தப் பக்கமாகவும் சாய்ந்துவிடாதீர்கள். வியாசர்பாடியை 'மினி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஏதோ தெருவில் பந்து உருட்டியே எல்லோரும் ஆளாகிவிட்டது போல ஒரு கதை ஓடுகிறது. அங்கே முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்தையும் படிப்பையும் சேர்த்துக் கொடுத்து, வருடக்கணக்காகத் தினமும் சாயங்காலம் நிற்கிற உள்ளூர் ஆட்களைப் பற்றி அந்தக் கதை பேசுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரையும் அப்படித்தான். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆடிய மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் மணலில் ஆடி வளர்ந்தார்கள், உண்மை. ஆனால் மணலிலிருந்து ஐஎஸ்எல்லுக்கு நேராகப் படகு கிடையாது. நடுவில் ஊர் கிளப், டோர்னமென்ட், கல்லூரி, கோச் என்று பல கைகள் இருக்கின்றன.

தெரு கொடுக்காதவை என்ன? இடது கால். சந்தில் வலது காலிலேயே எல்லா வேலையும் ஆகிவிடும், யாரும் கேட்கமாட்டார்கள். பந்து இல்லாதபோது எங்கே நிற்பது என்பது. சந்தில் பந்து எப்போதும் பத்தடிக்குள்தான் இருக்கிறது, 100 மீட்டர் மைதானத்தில் தன் பக்கம் பந்தே வராத ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று அது சொல்லித்தராது. ஆஃப்சைடு. உயரமாக வரும் பந்து. கோல்கீப்பராக நிற்பது, அதாவது விழுவதற்குக் கற்றுக்கொள்வது. சிமெண்ட் தரையில் எவன் டைவ் அடிப்பான்?

கோச்சிங்கால் ஒரு நாடே எழுந்த கதையும் இருக்கிறது. ஐஸ்லாந்தில் மக்கள்தொகை மூன்றரை லட்சத்தைக்கூட எட்டாத காலம். வருடத்தில் பாதி குளிர், வெளியே ஆட முடியாது. 2000க்குப் பிறகு கூரை போட்ட மைதானங்களைக் கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கே ஐரோப்பிய லைசென்ஸ் வாங்கிய கோச்களை வைத்தார்கள். 2016 யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், 2018 உலகக் கோப்பைக்கும் போனார்கள். தெரு உறைந்து கிடக்கும் ஊரில் கோச்தான் தெருவைக் கட்டித்தர வேண்டும்.

பையனுக்கு ஆறு வயசு. இப்பவே சேர்க்கலாமா?

சேர்க்கலாம், அங்கே அவன் விளையாடுவான் என்றால். வரிசையில் நிற்பான் என்றால் வேண்டாம்.

நல்ல கேம்ப் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெர்சி, சின்னம், 'யூரோப்பியன் மெத்தட்' போர்டு எதையும் பார்க்காதீர்கள். வேலிக்கு வெளியே இருபது நிமிடம் நின்று, ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அவன் காலில் எத்தனை முறை பந்து படுகிறது என்று எண்ணுங்கள். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு ஷாட் அடித்துவிட்டுத் திரும்பப் போய் நின்றால், இருபது நிமிடத்தில் ஏழெட்டு முறை பட்டால் பெரிது. அதே பன்னிரண்டு பேரை மும்மூன்று பேராகப் பிரித்து இரண்டு ஆட்டம் விட்டால் எண்ண முடியாமல் திணறுவீர்கள்.

மான்செஸ்டர் யுனைடெட் தன் சின்ன வயது அகாடமியில் 2002 வாக்கில் இதைச் சோதித்தது. எட்டுக்கு எட்டு ஆடியதோடு ஒப்பிட்டால், நாலுக்கு நாலு ஆடும்போது பாஸ்கள் 135 சதவீதம் கூடின. ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் சந்திப்பது 225 சதவீதம் கூடியது. ஜெர்மனி இன்னும் ஒரு படி போய், 2024-25 சீசனிலிருந்து மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்கு குட்டி கோல் என்று நாடு முழுக்க மாற்றிவிட்டது. லீக் அட்டவணையும் கிடையாது. பெரிய செலவில் நம்ம சந்தைத்தான் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கோன் வைத்து டிரிப்ளிங் பழகுவது தப்பா?

தப்பில்லை, ஆனால் கோன் காலை நீட்டாது. எங்களிடம் ஒரு பையன், பதினொரு வயது, கோன்களுக்கு நடுவே பாம்பு மாதிரி போவான். வீட்டு மொட்டை மாடியில் தினமும் அரை மணி நேரம் பழகியிருக்கிறான். ஆட்டத்தில் இறக்கினால் மூன்றாவது அடியில் பந்து போய்விடும். அவன் தலை கீழேயே இருந்தது. எதிராளி எந்தக் காலில் எடை வைத்திருக்கிறான் என்று பார்த்து, அந்தப் பக்கமாக வெட்டுவதுதான் டிரிப்ளிங். கோனுக்கு எடை இல்லை. பிறகு அவனைப் பெரிய பசங்களோடு கடைசி அரை மணி நேரம் சும்மா ஆடவிட்டோம். முதல் மாதம் அழுதான். இப்போது அவனிடமிருந்து பந்தை எடுப்பது எனக்கே கஷ்டம். மொட்டை மாடிப் பழக்கம் வீணாகவில்லை, ஆள் எதிரே வந்த பிறகுதான் அது வேலைக்கு வந்தது.

மேட்ச் நடக்கும்போது நாங்கள் சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் முதல் குற்றவாளி நான்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன டோர்னமென்ட். கோட்டுக்கு வெளியே நின்று, "பாஸ்! திரும்பு! இப்ப அடி!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். எங்கள் பெண் பிள்ளை ஒருத்திக்கு நடுவில் பந்து கிடைத்தது. முன்னால் ஆளே இல்லை. அவள் ஓடவில்லை. பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். அதற்குள் பந்து பறிபோனது. அன்றைக்கு என்ன ஸ்கோர் என்பது மறந்துவிட்டது, அந்தப் பார்வை மறக்கவில்லை. அதற்குப் பிறகு மேட்சில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், கையில் தண்ணீர் பாட்டிலோடு. கத்தத் தோன்றும்போது ஒரு வாய் குடிப்பேன்.

அப்பாக்களுக்கும் பாட்டில் சிபாரிசு செய்கிறேன்.

வாரத்துக்கு ஆறு நாள் கோச்சிங் அனுப்புகிறோம். முழங்காலுக்குக் கீழே வலிக்குது என்கிறாள்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் தசைநாண் எலும்பைப் பிடித்திழுத்து வலி வருவது பந்து ஆடும் பிள்ளைகளிடம் சகஜம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், "வலியோட ஆடினாத்தான் பலம் வரும்" என்று விரட்டினால் இழுத்தடிக்கும்.

அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2015இல் எழுதியதில் இரண்டு எளிய அளவுகோல்கள் இருக்கின்றன. வாரத்தில் விளையாட்டு நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால், அதாவது பத்து வயதுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போனால், அளவுக்கு மீறிய உழைப்பால் வரும் காயம் அதிகம். முறையான விளையாட்டு நேரம், தானாக ஆடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினாலும் அப்படியே. தானாக ஆடும்போது பிள்ளை வலித்தால் உட்கார்ந்துவிடும், தாகம் எடுத்தால் வீட்டுக்குப் போய்விடும். கோச் முன்னால் அது நடக்காது.

பொண்ணுக்கு இந்தத் தெரு ஆட்டம் எல்லாம் எப்படி சார்?

இந்தக் கேள்வி வந்தால் நான் தெருவைப் புகழ்வதை நிறுத்திவிடுவேன். சந்தில் பெண் பிள்ளையை யாரும் சா பூ த்ரிக்குக் கூப்பிடுவதில்லை. ஆறு வயதில் சேர்த்துக்கொள்வார்கள், பத்து வயதில் அவளே ஒதுங்கிவிடுவாள், அல்லது வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுக்கு முறையான மையம்தான் முதல் தெரு.

கடலூரைப் பாருங்கள். அங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி வழியாக வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், தேசியக் கோப்பையைத் தன் சொத்தாகவே வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023இல் மறுபடியும். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இவற்றில் எதுவும் சந்திலிருந்து தானாக முளைக்கவில்லை, யாரோ ஒருவர் மைதானத்தைத் திறந்துவிட்டு வாசலில் நின்றார்கள். ஆனால் உள்ளே வந்த பிறகு அவர்களுக்கும் விசில் இல்லாத நேரம் வேண்டும். எங்கள் மைதானத்தில் ஞாயிறு கடைசி ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகள் மட்டும், கோச் கிடையாது. முதல் இரண்டு வாரம் "என்ன செய்யணும் சார்?" என்று கேட்டு நின்றார்கள். மூன்றாவது வாரம் ஆள் பிரிப்பதில் சண்டை வந்தது. நான் தலையிடவில்லை.

பையன் குள்ளமா இருக்கான். செலக்ஷன்ல எடுக்கவே இல்ல.

பிறந்த மாதம் என்ன என்று கேட்பேன். ஜனவரி 1 கணக்கு வைத்து வயதுப் பிரிவு பிரித்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதினொரு வயதில் பதினொரு மாத வித்தியாசம் மிகப் பெரிது. உலகம் முழுக்க அகாடமிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு அதிகமாக இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். (நம்ம தாத்தா காலத்து ஆட்கள் பாதிப் பேர் சர்டிஃபிகேட்டில் மே, ஜூனில் பிறந்தவர்கள். பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது.) சந்தில் இந்தப் பிரிவே இல்லை, குள்ளமானவன் அங்கே அண்ணன்களுக்கு நடுவில் தந்திரம் பழகுகிறான். இரண்டு வருடம் பொறுங்கள், அதுவரை அவனுக்கு ஆட்டம் மட்டும் குறையக் கூடாது.

எங்கள் அபார்ட்மெண்டில் 'பந்து விளையாடக் கூடாது' என்று போர்டே வைத்திருக்கிறார்கள். தெருவுக்கு நாங்கள் எங்கே போவது?

நியாயமான கேள்வி. இன்று பாதிச் சந்துகள் பார்க்கிங் ஆகிவிட்டன. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாரம் ஒரு மணி நேரம் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், வாடகைக்கு எடுங்கள். கோச் வேண்டாம். வயது கலந்து அனுப்புங்கள். பெரியவர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் போதும்.

ஃபுட்சால் என்ற உள்ளரங்கக் கால்பந்தும் இப்படி இடமில்லாத ஊரில் பிறந்ததுதான். 1930இல் உருகுவேயின் மான்டிவிடியோவில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் ஒய்எம்சிஏ பிள்ளைகள் உள்ளரங்கில் ஆடுவதற்காக விதிகளை எழுதினார். பக்கத்துக்கு ஐந்து பேர், சின்ன இடம், அதிகம் எகிறாத பந்து. எகிறாத பந்து என்றால் உங்கள் கீழ்வீட்டுக்காரரும் ஒருவேளை ஒத்துக்கொள்வார்.

ஹெட்டிங் பழக்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயது வரை தடை, இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதில் பயிற்சியில் தலையால் முட்டுவது கூடாது என்று 2020இல் சொல்லிவிட்டார்கள்.

பதினாலு வயசுல ஆரம்பிச்சா லேட்டா?

எதற்கு லேட் என்பதைப் பொறுத்தது. சந்திலோ கடற்கரையிலோ ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவன் பதினாலில் கோச்சிடம் வந்தால் லேட் இல்லை. பிரான்ஸின் புகழ்பெற்ற கிளேர்ஃபோன்தேன் மையமே பதிமூன்று வயது சுமாருக்குத்தான் பையன்களை எடுக்கிறது. வார நாட்களில் அங்கே பயிற்சி, சனி ஞாயிறு அவரவர் ஊர் கிளப்புக்கு ஆடப் போய்விடுவார்கள். பிரான்ஸ் அணியின் நட்சத்திரம் எம்பாப்பே அப்படிப் பாரிஸ் புறநகரான போண்டியிலிருந்து போய் வந்தவர். பந்தையே தொடாமல் இருந்து பதினாலில் முதல்முறை வருபவன் ஐஎஸ்எல் ஆடுவான் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். காலேஜ் டீமில் ஆடலாம், ஐம்பது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை ஆடலாம்.

பந்து எந்த சைஸ் வாங்கணும்?

எட்டு வயதுக்குள் 3, பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல் 5. காற்றைக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் மாடி வீட்டுக்குப் போகும்.